நாலாவது ஆள்

வெயிலுக்கு மட்டும் வரி இல்லாத ஒரு நாட்டில் உப்பு விளைந்தது. கூலி நெல்லில் தினம் ஒரு படியை அரசாங்கக் களஞ்சியத்தில், தன் பெயர் எழுதிய குதிரில் போட்டு வைப்பது அங்கே வழக்கம். வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். யாருக்கு எப்போது எது வேண்டும் என்பது அவரவருக்கே தெரியாது என்று குடிமக்களின் வாழ்நாளைத் திட்டமிடும் வாழ்நாள் அமைச்சர் ஒருநாள் கண்டுபிடித்தார்.

அரண்மனைச் சுவர் நெடுகச் சிற்பம் செதுக்கினார்கள். இருபத்தைந்தில் கல்யாணம், முப்பதுக்குள் இரண்டு பிள்ளை, நாற்பதில் வீடு, ஐம்பதில் மகள் கல்யாணம், அறுபதில் சாய்வு நாற்காலி. எங்கும் அதே நாலு பேர். இந்தக் கட்டங்களுக்கு மட்டுமே இனிக் குதிர் திறக்கும் என்று பறையறைந்தார்கள்.

பேச்சிக்கனிக்கு அப்போது ஐம்பத்தேழு. சின்ன வயதிலிருந்து பாத்தியில் உப்பு வாரியவள். மூன்று தம்பிகளைக் கரையேற்றியதில் தன் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு பேச்சே இல்லாமல் போயிற்று. கரையேறியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. உப்பின் வெள்ளையில் கண் மங்கியிருந்தது. புரையை எடுத்துவிடலாம், ஆனால் மழைக்கு முன்னால் வர வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவர் கேட்ட நெல்லைப் போலப் பத்து மடங்கு அவள் குதிரில் கிடந்தது.

குதிர் அதிகாரி சிற்பத்தின் நகலை விரித்துப் பார்த்தார்.

"இதில் கண் இல்லையே, அம்மா. கல்யாணம் செய்துகொள்ளுங்கள். முதல் கட்டம் உடனே திறக்கும்."

"இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா ஐயா மாப்பிள்ளை பாக்கச் சொல்றீக?"

மனுதாரர் யோசிப்பதாகச் சொன்னார் என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

மனுவைப் படித்த அமைச்சர் மனம் இளகினார். கல்யாணக் கட்டத்தைத் தாண்டாதவர்கள் இன்னும் இருபத்து நாலு வயதிலேயே நிற்கிறார்கள் என்று அடுத்த சட்டம் வந்தது. இளையவர்களுக்குத் தெம்பு அதிகம் என்பதால் அவர்கள் தினம் இரண்டு படி போட வேண்டும். பேச்சிக்கனி இராக் கஞ்சியை நிறுத்தினாள். கண்ணுக்கும் இருபத்து நாலு என்று யாராவது சொல்லிவிட்டார்களா என்று அதிகாரியிடம் கேட்டாள். அதற்குத் தனி மனு போட வேண்டும் என்றார் அவர்.

மூன்றாவது சட்டம் இன்னும் கருணையானது. தனி ஆள் என்பவர் கால் குடும்பம். நாலு கால் குடும்பங்கள் சேர்ந்து கைநாட்டு வைத்தால் குதிர் திறக்கும்.

தோணி தள்ளும் சுடலையாண்டிக்கு மனைவி இறந்து பிள்ளை இல்லை. அருளாயியைக் கட்டியவன் விட்டுவிட்டுப் போயிருந்தான். பேச்சிக்கனி இருவரையும் தேடிப்பிடித்தாள். மூவரும் ஒரே சட்டியில் கஞ்சி காய்ச்சிப் பழகினார்கள். நாலாவது ஆள்தான் கிடைக்கவில்லை. ஊரில் தனி ஆள்கள் நிறைய இருந்தார்கள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வெட்கப்பட்டார்கள்.

மேற்கே மேகம் கூடியபோது, அரண்மனையில் மனைவி மக்கள் இல்லாமல் தனியாக இருக்கும் இன்னொருவர் பேச்சிக்கனிக்கு நினைவு வந்தார். மற்ற இருவரையும் வாசலில் நிறுத்திவிட்டு அரசர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்களும் ஒண்டி, நானும் ஒண்டி. எங்க மூணு பேரோட நாலாவதா வாங்க, ராசா. ஒரு கைநாட்டு வச்சாப் போதும். கஞ்சிக்கும் வரலாம்."

சபையில் யாரும் சிரிக்கவில்லை. அரசர் அவளை வெகுநேரம் பார்த்தார். அவளுக்கு அது தெரியவில்லை. ஏதோ சொல்ல அவர் வாயெடுத்தபோது அமைச்சர் முந்திக்கொண்டார்.

"அரசர் எப்படித் தனி ஆள் ஆவார்? நாடு முழுவதும் அவர் குடும்பம். குடும்பத் தலைவர் என்ற முறையில் இன்று காலைதான் எல்லாக் குதிர்களையும் தம் ஒரே கையெழுத்தில் திறந்தார்."

"அப்ப என் நெல்லு?"

"வீட்டுச் செலவுக்கு எடுக்கப்பட்டது."

பேச்சிக்கனி அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்தாள்.

"குடும்பம்னா, இப்ப என்னை யாரு ஐயா வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போவா?"

யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். கல்யாணம், பிள்ளைகள், வீடு, மகளின் கல்யாணம் எல்லாம் கையில் தட்டுப்பட்டுப் போயின. சாய்வு நாற்காலி தட்டுப்பட்டதும் வாசல் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாள்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. நாலாவது ஆள் கிடைத்தாரா என்று அருளாயி கேட்டாள்.

"இல்லம்மா. அவருக்கு நாம குடும்பமாம். நமக்குத்தான் அவரு இல்லையாம்."