கசப்பு மாஷி செய்த மட்டன் சாப்

உருளைக்கிழங்கு ஒரு காய்கறி என்று நாற்பத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பியது மட்டுமில்லை, அதை வைத்து டாக்டரிடம் வாதாடியும் இருக்கிறேன்.

"வாரத்துல எத்தனை நாள் காய்கறி சாப்பிடறீங்க?" என்று கேட்டார் அவர்.

"தினமும். மூணு வேளையும்" என்றேன் கம்பீரமாக.

பொய்யில்லை. ஆட்டுக்கறிக் குழம்பில் உருளை, கோழிக் குழம்பில் உருளை, முட்டையோடு உருளை, மீனுக்குத் துணையாக உருளை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியிலும் உருளை. கொல்கத்தாவில் பிரியாணிக்குள் முழுசாக ஒரு உருளைக்கிழங்கு இல்லையென்றால் சாப்பிட வந்தவன் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பான். ஊரே என் பக்கம் என்ற தைரியம் எனக்கு.

டாக்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளை இன்னொரு முறை பார்த்தார். ஈரலில் கொழுப்பு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "மூணு மாசம் தர்றேன். நிஜமான காய்கறியா சாப்பிடுங்க. அப்பவும் இப்படியே இருந்தா ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்றார்.

என் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும். வீடு திரும்பும் ஆட்டோவில், என் கருமாதிக்கு யாரையெல்லாம் அழைப்பது என்று மனசுக்குள் பட்டியல் போட்டேன். பட்டியலிலிருந்து இரண்டு பேரை அடித்தும் விட்டேன்.

அந்த மூன்று மாதத்தை மேய்க்க வந்தவர்தான் கசப்பு மாஷி. தென் கொல்கத்தாவில் அவரைப்போல ஒரு பொய்க்காரர் கிடையாது. அவரைப்போல நேரம் தவறாதவரும் கிடையாது.

மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி. சமையலுக்கு வரும் பெண்களை இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். காலை ஏழு பத்துக்குக் கதவு தட்டப்படும். எட்டு இருபத்தைந்துக்கு மாஷியின் கால் செருப்புக்குள் இருக்கும். எங்களுக்கு அடுத்து அவருக்கு மூன்று வீடுகள். ஒரு நாள் மிக்ஸி புகைந்து சமையலறையே மேகமண்டலமாகிவிட்டது. நாங்கள் "மாஷி, மாஷி!" என்று அலறிக்கொண்டிருக்க, மேகத்துக்குள்ளிருந்து குடையோடு வெளிப்பட்டு, "எட்டு இருபத்தஞ்சு ஆயிடுத்து" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆமாம், "ஆயிடுத்து"தான். லேக் மார்க்கெட் பக்கம் ஓர் ஐயர் குடும்பத்தில் இருபது வருஷம் சமைத்தவர் மாஷி. அவர்கள் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார்கள், தங்கள் தமிழை மாஷியிடம் விட்டுவிட்டு. நாங்களோ திருநெல்வேலிப் பக்கம். அப்பா வங்கி மாற்றலில் இங்கே வந்து, ஓய்வு பெற்றும் நகராமல் இருப்பவர். கறி இல்லாமல் சோறு இறங்காத வம்சம். அப்படிப்பட்ட எங்கள் வீட்டில் முதன்முதலாக "ஆத்துல", "பண்றேள்" என்று பேசியவர், மீன் தலை இல்லாமல் சாப்பிட மறுக்கும் ஒரு வங்காளி அம்மாள்.

முதல் நாள் காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏன்னா! மார்க்கெட் பை எங்க இருக்கு?"

என் மனைவி செல்வி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். ஐயர் வீட்டு மாமி தன் கணவரை அப்படிக் கூப்பிட்டதை இருபது வருஷம் கேட்ட மாஷி, வீட்டு ஆண்பிள்ளையைக் கூப்பிடும் மரியாதைச் சொல் அதுதான் என்று முடிவு கட்டியிருந்தார்.

"என்னங்க, மொதல்ல அதை மாத்தச் சொல்லுங்க. காய்கறியை அப்புறம் பாக்கலாம்" என்றாள் செல்வி.

மாற்றினோம். நான் 'தாதா' ஆனேன், அதாவது அண்ணன். குடும்பத்தில் அமைதி திரும்பியது. மாஷி ஃபிரிட்ஜைத் திறந்தார். ஆட்டுக்கறி, கோழி, முட்டை, கெண்டை மீன்.

"காய் எங்கே?"

உருளைக்கிழங்குக் கூடையைக் காட்டினேன்.

"இது கிழங்கு. நான் கேட்டது காய்."

"வெங்காயம் கெடக்குல்லா?" என்று அப்பா என் உதவிக்கு வந்தார்.

மாஷி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அரே பாபா! இத்தனை நாள் நீங்க எப்படி உசிரோட இருக்கேள்?"

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது.

ஆபீஸ் போகிறவர்கள் காலையிலேயே சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் ஊர் இது. எங்கள் வீட்டிலும் எட்டு மணிக்குப் பந்தி. மறுநாள் தட்டில் சோறு விழுந்தது. பக்கத்தில் கத்திரிக்காயோடு வறுத்த வேப்பிலை. கறிச்சட்டியை மட்டும் மாஷி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதுபோல.

"கசப்பு போனாத்தான் கறி வரும்."

"ஏல, என்னல இது?" என்று அப்பா என் பக்கம் திரும்பினார். "வேப்பிலைய வறுத்து வைக்கா! எனக்கு என்ன அம்மையா போட்டிருக்கு?"

"தாத்தா, இங்க எல்லார் வீட்லயும் ஃபர்ஸ்ட் கசப்புதான்" என்றாள் நித்யா. என் மகள். பத்தாம் வகுப்பு. கொல்கத்தாவில் பிறந்ததால் எல்லா விஷயத்திலும் எதிரணி.

"அப்ப எல்லார் வீட்டுக்கும் போய் நீ சாப்புடு."

அப்பா கையைக் கட்டிக்கொண்டார். மாஷி கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு இருபத்தஞ்சுக்கு நான் கெளம்பிடுவேன். சட்டியும் என்னோட வரும்." எட்டு இருபத்திரண்டுக்கு அப்பா கண்ணை மூடிக்கொண்டு வேப்பிலையை விழுங்கினார். கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக "கசப்பு மாஷி" என்று பெயர் வைத்தார். பெயர் தெருவெல்லாம் பரவியது. மாஷி அதைப் பட்டம்போல ஏற்றுக்கொண்டார்.

நேரடி யுத்தம் தினமும் செல்லாது என்று மாஷிக்குத் தெரியும். ஆகவே பொய்யை எடுத்தார்.

ஒரு திங்கட்கிழமை இறால் செய்திருப்பதாக அறிவித்தார். பாத்திரம் நிறைய இறால். ஊடே கண்ணாடிபோல ஏதோ இருந்தது, இறாலின் ருசியில் அதுவும் போய்விட்டது. அது சுரைக்காய். அடுத்த திங்கள் இறால் கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த திங்கள் இன்னும் கொஞ்சம். "இப்பல்லாம் இறால் சுருங்கிப் போறது" என்றார். ஆறாவது திங்கள் பாத்திரத்தில் ஒரே ஒரு இறால். அது யாருக்கு என்பதில் அப்பாவுக்கும் நித்யாவுக்கும் சண்டை வந்து, சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஏழாவது திங்கள் சண்டை இல்லை. இறாலும் இல்லை. நாங்கள் கவனிக்கவும் இல்லை. வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தோம்.

கறிக்குழம்பின் உருளை இருந்த இடத்தில் ஒரு நாள் பச்சைப் பப்பாளி வந்து உட்கார்ந்தது. அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு, நின்று, மென்று, "உருள இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்கே?" என்றார்.

"புது உருளை" என்றார் மாஷி, கண் இமைக்காமல்.

இதற்கிடையே நான் என் ஈரலைத் தினமும் அமுக்கிப் பார்த்து வந்தேன். ஒரு மாதமாக வலியே இல்லை என்று பூரித்துச் செல்வியிடம் சொன்னபோதுதான், ஈரல் வலது பக்கம் இருக்கிறது என்று அவள் சொன்னாள். நான் அமுக்கியது இடது பக்கம்.

மறுபரிசோதனைக்கு இரண்டு வாரம் இருந்தது. எனக்கு மட்டன் சாப் ஆசை வந்துவிட்டது. ரஸ்க் தூளில் புரட்டி, மொறுமொறுவென்று பொரித்து, கடித்தால் உள்ளே மசாலாக் கொத்துக்கறி. கரியாஹாட் பக்கம் போனால் நாலு வாங்காமல் திரும்பாதவன், இரண்டரை மாதமாக அந்த வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்திருக்கிறேன். மாஷியிடம் கெஞ்சினேன்.

அதிசயமாக ஒத்துக்கொண்டார். "வெளியில வேண்டாம். கொத்துக்கறி வாங்கிண்டு வாங்கோ, நானே பண்ணித் தரேன்."

அரைக் கிலோ வாங்கி வந்தேன். சனிக்கிழமை காலை மாஷி உருட்டிப் புரட்டி ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுப் போனார். சாயங்காலம் செல்வி பொரித்தாள். நான் ஒன்றைப் பிட்டு நித்யாவிடம் காட்டினேன்.

"பாத்தியா? புதுக் கறின்னா உள்ள இப்படித்தான் ரத்தச் செவப்பா இருக்கும். கடைக்காரங்க இதையெல்லாம் போட மாட்டாங்க."

"இளங்கறில்லா" என்று ஆமோதித்த அப்பா ஐந்து சாப்பிட்டார். நான் ஆறு. நடுநடுவே கடிபட்ட வேர்க்கடலையைக் குருத்தெலும்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளியலறையில் நான் பார்த்தது சிவப்பு. லேசாகச் சிவப்பு என்று சொல்ல முடியாது. பூஜைப் பந்தலுக்குப் போட்ட துணிபோல, கண்ணைப் பறிக்கும் சிவப்பு.

ஈரல் வெடித்துவிட்டது என்று முடிவு செய்தேன். துண்டோடு வெளியே ஓடிவந்து "செல்வி! நான் போறேன்!" என்று கத்தினேன். "எங்க போறீங்க?" என்று தூக்கத்தில் கேட்டாள். பத்து நிமிஷத்தில் குடும்பமே டாக்சியில் இருந்தது. வழியெல்லாம் கடைசி வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு போனேன்.

"அப்பாவைப் பாத்துக்கோ. நித்யாவை நல்லா படிக்க வை. வைஃபை பாஸ்வேர்ட் என்னன்னா..."

"அது எனக்குத் தெரியும்பா" என்றாள் நித்யா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

நர்சிங் ஹோமில் ஒரு இளம் டாக்டர் என்னைப் படுக்க வைத்தார். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றார். மட்டன் சாப் என்றேன். எத்தனை என்றார். செல்வியைப் பார்த்துக்கொண்டே ஆறு என்றேன். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

ஏழரை மணிக்கு எமர்ஜென்சி கதவு திறந்து, ஒரு குடை உள்ளே வந்தது. பின்னால் மாஷி. பூட்டிய வீட்டைப் பார்த்து, காவலாளியிடம் விசாரித்து, எனக்கு ரத்தம் போகிறது என்று கேள்விப்பட்டு, ஓடியே வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"ஏன்னா!!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி அன்றைக்கு அதை மாற்றச் சொல்லவில்லை.

"ரத்தமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது பீட்ரூட்!" என்றார் மாஷி. "சாப்புக்குள்ள மட்டனே கெடையாது. பீட்ரூட், காரட், வேர்க்கடலை. உங்க கொத்துக்கறி ஃப்ரீசர்ல பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னாடி அப்படியே இருக்கு. அந்தப் பக்கம் நீங்க யாரும் கை வைக்க மாட்டேள்னு தெரியும்."

பீட்ரூட்டைப் பிறந்ததிலிருந்து தொட்டுப் பார்த்திராத ஒரு குடும்பம், அதை இளங்கறி என்று பாராட்டிச் சாப்பிட்டிருக்கிறது. அப்பா மெல்லக் கேட்டார்.

"அப்ப எனக்குப் போனதும் பீட்ரூட்தானா?"

"உங்களுக்குமா?" என்றாள் செல்வி.

"வெள்ளன அஞ்சு மணிக்கே போச்சு. வயசாயிட்டு, போற காலத்துல செவப்பாத்தான் போவும் போலன்னு விட்டுட்டேன். இவன மாதிரி கத்துனனா?"

அவருக்கும் சேர்த்துச் சிறுநீர் எடுத்தார்கள். மாஷி வங்காள மொழியில் எல்லாவற்றையும் மறுபடி விளக்கியதும் இளம் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிலருக்குப் பீட்ரூட் அப்படியே நிறத்தோடு வெளியேறும் என்றார். ஆனாலும் முடிவு வரும்வரை போகக்கூடாது, பன்னிரண்டு மணி ஆகலாம் என்றார். மாஷி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு. "சரி, எனக்கு வேலை கெடக்கு" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மிக்ஸி புகைந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு முடிவு வந்தது. ரத்தம் இல்லை. எனக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. வெளியே வந்தால், வாசல் பெஞ்சில் மாஷி.

"மூணு ஆத்தையும் முடிச்சுட்டு இப்பத்தான் வந்தேன். போற வழிதானே" என்றார்.

உயிர் திரும்பியதும் எனக்குக் கோபமும் திரும்பியிருந்தது. "ரெண்டரை மாசமா பொய் சொல்லியிருக்கீங்க, மாஷி."

"ஆமாம். நெஜத்தைச் சொன்னா சாப்பிட்டிருப்பேளா?"

நால்வரும் யோசித்தோம். டாக்சியில் ஏறினோம். மாஷியையும் ஏற்றிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. சர்க்கரை எல்லைக்கோட்டை விட்டு வீட்டுக்குத் திரும்பியிருந்தது. ஈரலும் தேவலை. மாத்திரை வேண்டாம் என்ற டாக்டர், "அப்படி என்னதான் சாப்பிட்டீங்க?" என்று வியந்தார். "மட்டன் சாப்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் லிஃப்டில் மூன்றாம் மாடி அம்மாளைப் பார்த்தேன். மாஷி எங்களுக்கு அடுத்துப் போகிற வீடு அவருடையது. உடம்பு எப்படி என்று விசாரித்தவர், பிறகு சலித்துக்கொண்டார்.

"உங்களால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பிரெட்டும் ஜாமும்தான்."

"ஏன்? மாஷி வந்தாரே?"

"எங்கே வந்தாள்! போன் பண்ணி, 'ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறேன், என் தாதாவுக்கு முடிவு வரவேண்டும், இன்றைக்கு யார் வீட்டுக்கும் வரமாட்டேன்' என்று சொல்லி வைத்துவிட்டாள். பத்து வருஷத்தில் அவள் லீவு போட்டது அன்று ஒரு நாள்தான்."

மறுநாள் ஏழு பத்துக்குக் கதவு தட்டப்பட்டது. எட்டு மணிக்குத் தட்டில் பாகற்காய் வந்தது. யாரும் சொல்லாமல் முதலில் அதைத் தின்றேன்.

நடந்தது இவ்வளவுதான். எனக்கு ரத்தம் போகவில்லை. அது பீட்ரூட் என்று மாஷிக்குத் தெரியும், செய்தவரே அவர்தான். அப்படியும் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை அந்தப் பெஞ்சைவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை.