உயிரோடு இருக்கிறவளுக்குப் போட்ட இலை

மஹய்யாவ, கண்டி.
தை மாதம்.

உயிரோடு இருப்பதாக நம்பத்தக்க இடத்திலிருந்து தெரியவந்திருக்கும் அன்புத் தங்கச்சிக்கு, அண்ணன் வீரமலை சொல்லச் சொல்ல மருமகள் றீற்றா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். உன் சுகம் கேட்கிற பழக்கம் விட்டுப்போய் இருபத்தாறு வருசமாகிறபடியால் புதிதாக ஆரம்பிக்கிறேன்: சுகமா?

போன வருசம் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக முட்டை வந்தது. கோழி இல்லாத நாடா இது என்று நான் வயிறெரிந்துகொண்டிருந்த அதே வருசம், தீபாவளிக்கு முதல் நாள் சாயந்தரம், உன் மகன் நிர்மலும் வந்தான். முட்டையாவது பேசாமல் வந்தது. சீதை இருந்த இடம், இராவணன் நின்ற இடம் என்று வேனில் சுற்றிக் காட்டுகிறார்களாமே, அந்தக் கூட்டத்தோடு வந்தவன், தீபாவளியை மாமா வீட்டில் கொண்டாட வேண்டுமென்று பொண்டாட்டியையும் இழுத்துக்கொண்டு, மஹய்யாவ முழுக்க என் பேரை விசாரித்து வந்து சேர்ந்தான். "கோத்தகிரியில இருந்து வர்றேன், உங்க தங்கச்சி மகன் மாமா" என்றான். தாயில்லாப் பிள்ளை என்று நான் கட்டிப்பிடித்து அழுதேன். அதற்குப் பிறகு அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றவில்லை.

கதிரையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். "எங்க ஊர்ல விடியக்காலம் எண்ணெய் வச்சுக் குளிச்சிட்டுத்தான் மாமா மத்ததெல்லாம்." நாங்கள் என்ன, குளிக்காமல் நாறிக்கொண்டா இருக்கிறோம்? "முறுக்கு ஏன் இத்தனை சின்னதா இருக்கு?" "அமாவாசை கிட்டத்துல ஆட்டுக்கறி சமைக்கலாமா?" அவன் பொண்டாட்டி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தாள். கறிச்சட்டியைப் பிடித்தாள், றீற்றாவின் மாதா படமும் நம் முருகன் படமும் ஒரே சுவரில் தொங்குவதைப் பிடித்தாள், வெடித்துப்போன என் குதிகாலையும் விடவில்லை.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். முதல் நாள் விளக்கு வைத்ததும் செத்தவர்களுக்குப் படைத்துவிட்டுத்தான் நாம் வாயில் வைப்பது. அப்பா, அம்மா, பெரியண்ணன், நீ. ஆளுக்கொரு படம், படத்துக்கு மாலை, முன்னால் அவரவருக்குப் பிடித்ததோடு ஓர் இலை. அப்பாவுக்குச் சாராயம். உனக்கு ரொட்டியும், மாசிக் கருவாடு இடித்துப் போட்ட சம்பலும். கத்தோலிக்கப் பிள்ளை றீற்றா, ஒரு வருசம்கூட உன் சம்பலுக்கு மாசி குறைத்ததில்லை. சாம்பிராணி போடும்போது உன் மகன் எழுந்து கிட்டே போனான்.

"மாமா, இது எங்கம்மா."

"ஆமாப்பா. நல்லாக் கும்பிட்டுக்க."

"எங்கம்மா உசிரோட இருக்காங்க மாமா."

"எப்ப இருந்து?" என்று கேட்டுவிட்டேன்.

"காலையிலகூடப் போன்ல கத்திக் கத்திப் பேசினேன்." றீற்றா கரண்டியைக் கீழே போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

என் பிழை என்ன, நீயே சொல். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்தபோது உன் விலாசமும் எரிந்தது. படம் மட்டும் பன்விலவில் பெரியண்ணன் வீட்டில் இருந்ததால் தப்பியது. பிறகு, தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்ததே, அதற்கு முந்தின வருசம், பன்வில தியாகராஜா இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போனவர், கோத்தகிரியில் உன் வீட்டையும் விசாரித்துப் பார்த்துவிட்டு வந்து, "உங்க தங்கச்சி போய்ச் சேந்துட்டாங்க, பந்தலைக் கண்ணால பார்த்தேன்" என்றார். பந்தல் உன் மாமியாருக்காம். கூடப் போனவர்கள் இப்போது சொல்கிறார்கள், மனுசன் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லையாம், எட்டிப் பார்த்ததோடு சரி. இப்போது அவரும் போய்விட்டார். அவரைப் பற்றி நான் சொன்னதை எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பாதரிடம் சொல்லவேண்டி வரும் என்று றீற்றா எழுத மறுக்கிறாள்.

கெட்டம்பே ஆற்றங்கரையில் உனக்காக மொட்டை போட்டேன். அன்றைக்குப் போன முடி அதற்குப் பிறகு ஒழுங்காக முளைக்கவே இல்லை. வருசா வருசம் விடிந்ததும் இலைகளை முற்றத்தில் வைத்தால் காக்கா முதலில் உன் இலையைத்தான் கொத்தும், தங்கச்சிக்கு என்மேல் எத்தனை பாசம் என்று நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். இப்போது கேட்கிறேன், வந்தது யார்? முகம் தெரியாத எவளோ ஒருத்தி இத்தனை காலமும் என் வீட்டில் தின்றுவிட்டுப் போயிருக்கிறாள்.

உன் மகன் மாலையைப் பிய்த்தான். படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "இது தெரிஞ்சா அம்மா நெஞ்சு வெடிச்சிருவாங்க. நான் சொல்லப் போறதில்ல, நீங்களும் எங்க அம்மாவைத் தேடாதீங்க" என்று சாப்பிடாமலே இறங்கினான். செருப்பு மாட்டுகிற சாக்கில் அவன் பொண்டாட்டி உன் விலாசத்தை றீற்றாவின் போனில் அடித்துக் கொடுத்தாள், உனக்குக் காது மந்தம், கடிதம்தான் சரி என்றும் சொன்னாள். வந்ததற்கு அவள் ஒருத்திதான் உருப்படியாக ஒன்று செய்தாள். பொங்கலுக்குள் அவனே உன்னிடம் சொல்லுவான் என்று காத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது.

நெஞ்சு வெடிக்குமாமே. சின்ன வயசில் கருவாட்டுக்காக என்னைக் கடித்த உனக்கு இதற்கா நெஞ்சு வெடிக்கும்? மாசியே தொடுவதில்லையாம், சுத்த சைவமாம். அதையும் சொல்லிவிட்டுத்தான் போனான். நான் நம்பவில்லை.

ஆகவே நீ இங்கே வரத் தேவையில்லை. பேசத் தேவையில்லை. படத்தை மட்டும் தபாலில் போடு. என் வீட்டுச் சுவரில் இருந்தது, அது எனக்கு வேண்டும்.

மற்றபடி நீ நூறு வயசு இரு. இன்னொரு தரம் மொட்டை போட என் தலையில் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உனக்குத் திவசம் கொடுத்துக் களைத்த அண்ணன்,
வீரமலை (கைநாட்டு)

பி.கு.: படம் வேண்டாம், உன் மகனே வைத்துக்கொள்ளட்டும். நீ வா. வருகிற தீபாவளிக்கே வா, காது கேட்காவிட்டால் பரவாயில்லை, நான் கத்துவேன். நீ இந்தியாவுக்கு ரயில் ஏறின அன்றைக்குக் கண்டி ஸ்டேசனில் அப்பா, அம்மா, பெரியண்ணன், நான், ரயிலுக்குள்ளே உன் புருசன், நீ. அவரும் போய்விட்டதாக உன் மகன் சொன்னான், அவருக்கும் இனி ஓர் இலை போடுகிறேன். என்னை அண்ணே என்று கூப்பிட இந்த உலகத்தில் இனி மிச்சம் ஒரே ஆள், நீ. செவனம்மா.