டாஷ்போர்டுக்குள் போன கம்மல்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெரு சலவைக்கடைக்காரம்மாதான். போன வெள்ளிக்கிழமை கூட்டுப் பிரார்த்தனை முடிந்து, இரண்டு பேருமாக ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். சாமி முன்னால் இப்படிச் சிரிக்க வைத்துவிட்டாளே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

துணி ஏற்றி இறக்க அவர்களிடம் ஒரு வேன் உண்டு. கடைக்காரருக்கு அது மூத்த பிள்ளை மாதிரி. அதன் டாஷ்போர்டு மேல் ஒரு காகிதம்கூட வைக்க விடமாட்டார். "இதென்ன உன் அலமாரியா, கண்டதையும் வைக்க?" என்பார். ஒருநாள் காது வலிக்கிறதென்று அவள் ஒற்றைக் கம்மலைக் கழற்றி அங்கேயேதான் வைத்தாள். அவர் பிரேக் போட்டார். கம்மல் சறுக்கிக்கொண்டே போய், முன்கண்ணாடி ஓரம் காற்று வரும் இடுக்கில் விழுந்து மறைந்துவிட்டது.

அவர் ஆசையாக ஓட்டிய பைக்கை விற்று வாங்கித் தந்த கம்மல் அது. ஞாயிற்றுக்கிழமை மகள் வேறு வருகிறாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. உண்மையைச் சொன்னால் மனுஷர் ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவார். மெக்கானிக்கிடம் விட்டால் அவன் கம்மலை எடுத்து நேரே அவர் கையில்தான் கொடுப்பான். ஆக, டாஷ்போர்டை அவரே கழற்ற வேண்டும். எதற்குக் கழற்றினோம் என்பது அவருக்கே தெரியக்கூடாது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி. எது எதற்கு என்று மூடியில் படம் போட்டிருக்கும். ஹாரன் படம் காட்டிய ஃபியூஸைப் பிடுங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஹாரன் ஊமையாகிவிட்டது.

"ஹாரன் அடிக்கலம்மா."

"வயரிங்கா இருக்கும்ங்க. டாஷ்போர்டைக் கழட்டித்தான் பாக்கணும். மெக்கானிக்கிட்ட விட்டுடலாம். உங்களால ஆகாது."

"யாரால ஆகாது?"

"ஃபேன் ரெகுலேட்டர் மாத்தினீங்களே, தெருவே இருட்டாச்சே."

"அது தற்செயல். ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு வா."

அவளுக்கு ஒரே ஒரு பயம். மனுஷர் முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் அவளே முந்திக்கொண்டாள்.

"ஃபியூஸை முதல்லயே பாத்திருப்பீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் பார்க்கவில்லை. ஆனால் அதை மனைவியிடம் ஒத்துக்கொள்வதா? "அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சு" என்றார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற, அப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஆனால் வேலையை முறையாகத்தான் செய்தார், பாவம். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிப் போட்டார். ஏர்பேக் இருக்கிற வண்டி, உடனே கை வைத்தால் முகத்தில் வெடிக்கும் என்று திண்ணமாகச் சொல்லிவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் ஒதுங்கி நின்றார். ஸ்க்ரூக்களை முட்டைத் தட்டில் குழி குழியாகப் போட்டார். எந்த வயர் எங்கே என்று குழம்பாமலிருக்க, வாடிக்கையாளர் துணியில் கட்டும் நம்பர் துணுக்குகளையே வயருக்கு ஒன்று, அது சேரும் இடத்துக்கு ஒன்று என்று ஜோடி ஜோடியாகக் கட்டினார்.

"ரேடியோ வயர் கசங்கியிருக்குங்க. கஞ்சி போட்டுடவா?"

"பேசாம டார்ச்சைப் பிடி."

ஆளுக்கொரு பக்கம் பிடித்து டாஷ்போர்டைத் தூக்கினார்கள். பேனா மூடி, ஊக்கு, சில்லறை, சட்டை பட்டன் எல்லாம் பொலபொலவென்று கொட்டின. கூடவே கம்மலும்.

"ஏதோ மின்னுச்சே?"

அவள் கால் அதன் மேல் போய் நின்றது. "பட்டனுங்க. நம்ம வண்டியில பட்டனுக்கா பஞ்சம்?"

"யாரோடதுன்னு பாத்துக் குடுத்துடு. கடைப் பேர் கெட்டுடும்."

"உரியவங்ககிட்டயே சேத்துடறேங்க."

அப்புறம் வெகுநேரம் வயர்களுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தார். ஒரு வயரில் டேப் லேசாகப் பிரிந்திருந்தது. "இவன்தான்" என்று அதைப் புதுசாகச் சுற்றினார். நம்பருக்கு நம்பர் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினார். பேட்டரியை இணைக்க முன்மூடியைத் தூக்கிக்கொண்டு அவர் அந்தப் பக்கம் குனிந்த நேரத்தில், இவள் தலைப்பு முடிச்சை அவிழ்த்து ஃபியூஸைச் செருகிவிட்டாள்.

ஹாரன் அலறியது. எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது.

"யாரால ஆகாதுன்னே?"

"தப்புத்தாங்க. உங்க கைக்கு எதுவும் அடங்கும்."

அன்று மாலையே இரண்டு காதிலும் கம்மல் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை வயரிங் பற்றியே பேசினார். ஒரு காது அதுவரை மூளியாக இருந்ததையும் மனுஷர் பார்த்ததில்லை, இப்போது கம்மல் வந்ததையும் பார்க்கவில்லை.

சலவைக்கடைக்காரம்மா, சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜமக்காளத்தை என் கையில் கொடுத்து, "பாவம்க்கா, நல்ல மனுஷர்" என்றாள். நானும் அதையேதான் சொல்கிறேன். அவர் வேன் உங்கள் தெருவுக்கு வந்தால், "ஹாரன் சத்தம் கணீர்னு இருக்குண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.