குங்குமத்தால் குறிபார்த்த கதை

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த நான், ஓய்வுபெற்ற பிறகு டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோவில் துப்பாக்கி சுடும் கழகமொன்றில் சேர்ந்தேன். அந்த முரண்பாட்டைக்கூட மன்னித்துவிடலாம். யென்ஸுக்குச் செய்ததைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

யென்ஸ் என் கழகத் தோழர். முப்பது வருடம் சுட்டும் ஒரு கோப்பைகூடக் கிடைக்காத மனிதர். கை நடுங்கத் தொடங்கியிருந்ததால், அந்த இலையுதிர்காலப் போட்டியே தனக்குக் கடைசி என்று சொல்லியிருந்தார்.

என் கைத்துப்பாக்கியில் அப்போதுதான் ‘ரெட் டொட்’ பூட்டியிருந்தேன். அது ஒரு சின்னக் கண்ணாடி. பொத்தானை அழுத்தினால் சிவப்புப் புள்ளி எரியும். அதை இலக்கில் வைத்துச் சுடவேண்டியதுதான். பழைய இரும்புக் குறிகளும், அதாவது முன்னால் ஒரு முள்ளும் பின்னால் ஒரு பள்ளமும், கண்ணாடிக்குள் எட்டிப்பார்த்தன.

“மின்சாரச் சாமான் எப்பவும் கைவிடும், சிவா. முள்ளையும் பார். புள்ளி முள்ளின் தலையில் இருக்கவேணும்,” என்றார் யென்ஸ்.

“அதெல்லாம் பயந்தவர்களுக்கு,” என்றேன். (சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது.)

போட்டிக்கு முதல்நாள் ஆயுத பூசை. குண்டில்லாத வெறும் துப்பாக்கியைப் பெட்டகத்திலிருந்து எடுத்துவந்து படங்களுக்கு முன்னால் வைத்தேன்.

“சாமிக்கு முன்னால துவக்கோ? உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் மனைவி.

“ஆயுத பூசைக்கு ஆயுதம் வைக்காமல் அகப்பையையோ வைக்கிறது?”

துப்பாக்கிக் கண்ணாடியின் நடுவில் கடுகளவு குங்குமப் பொட்டு வைத்தேன்.

“நாளைக்குத் துடைச்சுப்போட்டுக் கொண்டுபோங்கோ.”

“ஓம், ஓம்.”

துடைக்கவில்லை. போட்டியன்று காலையில் மூன்று தரம் கழிப்பறைக்குப் போனதில் எல்லாமே மறந்துவிட்டது. யென்ஸ் எனக்கு இடப்பக்கம் நின்றார். துப்பாக்கியை உயர்த்தினேன். சிவப்புப் புள்ளி தெரிந்தது. பிறகு எதற்குப் பொத்தானை அழுத்துவது? முள் பள்ளத்தைவிட்டு இடப்பக்கமாக விலகி நின்றது; அதைக் கவனிக்கவில்லை. நான் புள்ளியை நம்பி ஐந்து வெடி வைத்தேன்.

என் இலக்கு அட்டையில் ஓர் ஓட்டைகூட இல்லை. யென்ஸின் அட்டையில் பத்து.

அவர் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஐந்தைச் சுட்டதாகச் சொன்னார். எது யாருடையதென்று பிரிக்க முடியாததால், அவரை மறுபடி சுடச் சொன்னார்கள். இரண்டாம் முறை கை நடுங்கிவிட்டது. கோப்பை விபோர்க் நகரத்துக்காரர் ஒருவருக்குப் போனது.

“பற்றரி செத்துவிட்டது,” என்று பொய் சொன்னேன்.

யென்ஸ் என் துப்பாக்கியை வாங்கி, வெறுமையா என்று பார்த்து, பொத்தானை அழுத்தினார். கண்ணாடியில் இரண்டு புள்ளிகள். ஒன்றை நகத்தால் சுரண்டினார். அது விரலோடு வந்தது.

“இது என்ன?”

சுற்றி நின்ற ஆறு பேருக்கும் ஆயுத பூசையை டெனிஸ் மொழியில் விளக்கினேன். தொழிற்சாலை நேர்முகத்தேர்வில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

“முள்ளைப் பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லை.”

இப்போது ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். பூசை முடிந்து நான் பொட்டோடு வந்தவுடன் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை முள்ளாக நிமிர்த்தி, என் நெற்றியைக் குறிபார்ப்பார்.

“எரியுதா, சிவா?”

மனைவியும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் பிந்தி. அந்தக் கட்டைவிரல் வருடத்துக்கு வருடம் கூடுதலாக நடுங்குகிறது.