சூப்ரவைசர் உயிரோடுதான் இருந்தார்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க வந்திருந்த ஏகாம்பரம், அவர் மனைவி. வராதவள், பெண் கஸ்தூரி. (வீடு பார்க்கப் பெண் வரும் வழக்கமில்லை. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் நன்றாக இருக்க வேண்டும்.) இல்லாதவர், எங்கள் சூப்ரவைசர். அவர் செத்து மூன்று நாள் ஆகிறது என்று நான்தான் அறிவித்திருந்தேன்.

சூப்ரவைசர் ஒரு நண்டு.

எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். போனவன் விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்து, வாத்தியாராகிவிட்டுத்தான் ஓய்ந்தேன். முதல் சம்பளத்தில் மூர் மார்க்கெட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியும் இரண்டு தங்கமீன்களும் வாங்கி, தொட்டியை ரயிலில் குழந்தை மாதிரி மடியில் வைத்து ஆவடிக்குக் கொண்டு வந்தேன். மீன்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று பருத்திப்பட்டு ஏரியில் பிடித்த நண்டு ஒன்றையும் அதில் விட்டேன். மறுநாள் துணை மட்டும் இருந்தது.

பெயர் வைத்தது அப்பா. அவர் பாக்டரியில் கலாசி, சுமை தூக்கும் வேலை. தொட்டியின் முன் குந்தி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வேலையும் செய்யாம ரெண்டு கையையும் தூக்கிகினு நிக்குது பாரு. எங்க சூப்ரவைசரேதான்."

வியாழக்கிழமை காலை சூப்ரவைசர் கல்லின் மேல் அசையாமல் கிடந்தார். குச்சியால் தட்டினேன். அசைவில்லை. "இறந்துவிட்டது" என்றேன், டாக்டர் கண்ணாடியைக் கழற்றுகிற தோரணையில். (நான் கண்ணாடி போடுவதில்லை.)

அம்மா சின்ன வயதில் வயலில் நாற்று நட்டவள். கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாடா இவ்ளோ லேசா கீது? இது சட்டைய உரிச்சிப் போட்டுட்டுப் போயிருக்குடா."

"செத்தால் எடை குறையும்மா."

"எங்கூர்ல செத்தா கனக்கும்."

"அம்மா, நான் பி.எஸ்ஸி."

அம்மா அதை என் கையில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். நான் அந்த வெறும் ஓட்டைப் பஞ்சில் பொதிந்து, பாடம் நடத்த உதவும் என்று பெட்டியில் வைத்தேன். தொட்டியின் மேல் மூடியிருந்த அட்டை ஏன் நகர்ந்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. பட்டதாரிக்கு அதெல்லாம் எதற்கு?

கஸ்தூரியை நான் அதுவரை ஒரே ஒருமுறை, ஐந்து நிமிடம் பார்த்திருந்தேன். காபித் தட்டை நீட்டும்போது என் எண்ணெய் வழிந்த தலையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள். அன்றிலிருந்து வகுப்பில் தவளையின் குடலைப் பற்றிப் பேசினாலும் அவள் ஞாபகம்தான் வந்தது. அவள் அப்பா சம்மதித்துவிட்டால் போதும்.

அந்த அப்பா, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சூப்ரவைசர்.

பளபளக்கும் கறுப்பு ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவர், ஓடு, தண்ணீரும் கல்லும் மட்டும் இருந்த தொட்டி எல்லாவற்றையும் கணக்கெடுப்பு மாதிரி பார்த்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுக்கும் வரை.

"ஏங்க, சூப்ரவைசர் சாவல. அண்டாக்குப் பின்னால கீறான்."

ஏகாம்பரத்தின் காபி பாதி வழியில் நின்றது.

அப்பாவுக்கு நண்டு உயிரோடு இருக்கும் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. "உடாத, அமுக்கிப் புடி. கை நீட்டுனான்னா தொடப்பத்தால ஒண்ணு போடு."

"தம்பி, யாரப் பத்திப் பேசறாங்கோ?" என்றார் ஏகாம்பரம்.

"நண்டு சார்."

"யாரு நண்டு?"

"சூப்ரவைசர் சார். அதாவது நண்டுக்குப் பேர் சூப்ரவைசர்."

"அப்டி ஏன் பேரு?"

பொய் சொல்லத் தெரிந்த எவனும் இங்கே பிழைத்திருப்பான். நான் வாத்தியார். எழுந்து நின்று, கேட்ட கேள்விக்கு முழு விடையையும் சொன்னேன். இரண்டு கையையும் தூக்கிக் காட்டவும் செய்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எழுந்திரும்மே, போலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார். இதற்குள் அம்மாவின் துடைப்பத்துக்குத் தப்பிய நண்டு பக்கவாட்டில் ஓடி, இருட்டாக ஓர் இடம் தேடி அவருடைய வலது ஷூவுக்குள் புகுந்திருந்தது. பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடிய நான் அதைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்காமல் காலை விட்டார்.

அவர் உதறிய உதறலில் ஷூ பறந்துபோய் எதிர்வீட்டுக் கிணற்றில் விழுந்தது. நண்டு விழவில்லை. கட்டைவிரலில் தொங்கியது.

"இழுக்காதீங்க, கொடுக்கு ஒடஞ்சாலும் உடாது. தண்ணில வெச்சா தானா உட்டுடும்" என்றாள் அம்மா. குடிதண்ணீர் அண்டாவை விட்டால், வீட்டில் கால் நுழைகிற அளவுக்குத் தண்ணீர் நிரம்பிய பாத்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்க, என் வருங்கால மாமனார் ஒற்றைக்காலில் தத்தி வந்து, மறு காலை மூர் மார்க்கெட் தொட்டிக்குள் இறக்கினார். விழாமல் இருக்க இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

கண்ணாடிக்கு உள்ளே நண்டு கொடுக்கை விட்டுவிட்டு, கல்லில் ஏறி, அதுவும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

முதலில் சிரித்தது அவர் மனைவி. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்து, முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஊட்லயும் இப்டியேதாங்க நிப்பாரு. சரியாத்தான் பேரு வெச்சிகீறாங்கோ."

ஏகாம்பரம் குனிந்து நண்டைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். மெதுவாக இறக்கிக்கொண்டார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "உங்க அளவுக்குப் புள்ளைக்கு வெவரம் பத்தாது. ஆனா பொய் சொல்லத் தெரியல. பொண்ணு பொழச்சிக்கும்" என்றார். அப்படியே ஒற்றை ஷூவுடன் அம்பத்தூருக்கு ரயிலேறினார்.

இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால் கஸ்தூரி கேட்கும் ஒரே கேள்வி: "தூக்கிப் பாத்தீங்களா, கனக்குதா?"

கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு எடுப்பதுதான் முறை. எங்கள் கல்யாணத்தில் மட்டும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவுக்குக் கறுப்பு ஷூ எடுத்தோம். இருபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.