ஹாம் பெரியவர் எங்கே உட்காருவது?

சோல்மே கிராமம்,
பனி கொட்டி ஓய்ந்த செவ்வாய்க்கிழமை

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை பியோன் சாங்வூ அவர்களுக்கு,

மாமனாரும் சோல்மே ஊர்த்தலைவருமான தாக் போங்சுல் தலைவணங்கி எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் மாமியார், நாய், கோழிகள் அனைவரும் நலம். கோழிகளில் ஒன்று மட்டும் குறைகிறது. போன தடவை நீங்கள் வந்தபோது சூப்பில் பார்த்தீர்களே, அதுதான். அங்கே சியோலில் நீங்களும் எங்கள் மகள் உன்சோலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை என்பவர் நூறு வருடத்து விருந்தாளி என்பது எங்கள் பக்கத்துச் சொல். விருந்தாளியைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆகவே இது குறைக் கடிதம் அல்ல. வருகிற சனிக்கிழமைக்குள் நீங்கள் ஸ்பேனரும் கையுமாக இங்கே வந்து சேராவிட்டால், நீங்கள் கட்டிய ஊர்க்கூடத்தின் தரையைக் கடப்பாரை போட்டு உடைக்கப் போகிறார்கள் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பழைய கூடத்தில் ஒரு கோடியில் அடுப்பு. விறகை எரித்தால் சூடு தரைக்கு அடியில் ஓடி மறுகோடியில் புகையாய் வெளியே போகும். அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் பின்பக்கம் வெந்துவிடும். கதவுப் பக்கம் உட்கார்ந்தால் விறைத்துவிடும். அதனால்தான் ஊரில் ஒழுங்கு இருந்தது. சூட்டு மூலை ஊரிலேயே மூத்தவரான ஹாம் பெரியவருக்கு. அடுத்த வயது அடுத்த இடம். அறுபத்தேழு வயதில் இந்த ஊருக்கே இளவட்டமான எனக்குக் கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். யார் எங்கே உட்காருவது என்று எவரும் எவரையும் கேட்டதில்லை. நீங்கள் வந்து, "மாமா, கூரையில் சூரியத் தகடு, தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய், மூலை முடுக்கெல்லாம் ஒரே சீரான சூடு" என்றீர்கள். நானும் ஊரெல்லாம் மார்தட்டினேன். அந்த ஒரே சீரான சூடுதான், மாப்பிள்ளை, எங்கள் குடியைக் கெடுத்தது.

திறப்பு விழா அன்று ரிப்பன் வெட்டியாயிற்று, செருப்பைக் கழற்றியாயிற்று, சூப் பரிமாறியாயிற்று. ஹாம் பெரியவர் உள்ளே வந்து நின்றார்.

"சூட்டு மூலை எங்கடா?"

"எல்லா எடமும் சூட்டு மூலைதான் பெரியப்பா," என்றேன் பெருமையாக.

"அப்ப எல்லாரும் பெரியவனா? நீயும் நானும் ஒண்ணா?"

அவர் வெறுங்காலால் தரையை ஒவ்வொரு அடியாகத் தடவிப் பார்த்தபடி கூடத்தைச் சுற்ற ஆரம்பித்தார். மூத்தவர் உட்காராமல் மற்றவர் உட்கார முடியுமா? ஊரே நின்றது. மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி அம்மாள் கத்தரிக்கோலோடு நின்றார். இசைக்க வந்தவர்கள் முரசைத் தோளில் மாட்டியபடி நின்றார்கள். சூப் ஆறி மேலே கொழுப்பு கட்டியது. ஹாம் பெரியவர் மூன்று சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் கழிவறைக் கதவுக்கு முன்னால் போய், ஒரு பெருமூச்சு விட்டு, அங்கேயே குறுக்காகப் படுத்துவிட்டார். ஊரும் அப்பாடா என்று உட்கார்ந்தது.

அரிசி மில் பாங் சும்மா இருப்பானா? போய் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். "இங்கதாம்பா கொஞ்சம் கூடுதலா சூடா இருக்கு! பெரியவர் காலு பொய் சொல்லுமா?" என்றான். போனில் உங்களைக் கேட்டேன். எல்லாக் குழாயும் வந்து கூடும் பெட்டி கழிவறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருப்பதால் அங்கே ஒரு பொட்டு சூடு கூடுதலாக இருக்கலாம் என்று நீங்களும் ஒத்துக்கொண்டீர்கள். ஆக அதுதான் புது சூட்டு மூலை என்று தீர்ந்துபோயிற்று.

இப்போது கூடத்தில் யாருமே கழிவறைக்குப் போக முடியாது. தொண்ணூற்றிரண்டு வயது மனிதரைத் தாண்டிக் கால் வைக்க எவருக்குத் துணிச்சல் வரும்? எழுந்து வழிவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? எல்லாரும் ஓடி வருவது பக்கத்திலிருக்கும் நம் வீட்டுக்கு. காலை முதல் பொழுது சாயும்வரை நம் வாசலில் வரிசை நிற்கிறது. உங்கள் மாமியார் முட்டைக்கோஸ் ஊறுகாய் போட உட்கார்ந்தால் ஒவ்வொருவருக்கும் எழுந்து வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஊர்த்தலைவர் வீடா இது, பஸ் ஸ்டாண்டா? ஒண்ணு அந்தத் தரை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்கிறாள். தனியாக இருக்கும் வயசானவர்கள் இந்த அலைச்சலுக்கு அஞ்சி, கூடத்துக்கு வராமல் சில்லென்ற வீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள். அவர்களுக்காகத்தானே இவ்வளவும் கட்டினோம்?

இதற்கு நடுவில் நம் ஊர் யோங்சுன் அம்மாள், கூரையில் நல்ல வெயில் வீணாகிறதே என்று உங்கள் சூரியத் தகடுகள் முழுக்க முள்ளங்கித் துண்டுகளைக் காயப் போட்டுவிட்டாள். மின்சாரம் படுத்தது, தரையும் ஆறிப்போயிற்று. பழைய அடுப்பை விட மனமில்லாத பாங்குக்குக் கொண்டாட்டம். "வெறகுக்கு மரியாதை தெரியும், பக்கத்துல இருக்கற பெரியவருக்கு மொதல்ல சூடு குடுக்கும். வெயிலுக்கு ஏது பெரியவன், சின்னவன்? எல்லார் தலையிலயும் ஒரே மாதிரி அடிக்குது. அதுல வர்ற சூடும் அப்படித்தான் இருக்கும்!" என்றான். ஊர் தலையாட்டியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நானும் ஆட்டினேன்.

பெரியவரை நல்ல இடத்துக்கு நகர்த்தலாமென்று நானே ஒருநாள் பெட்டியைத் திறந்து, கிழக்கு மூலைக்கானது என்று நினைத்து ஒரு வால்வை முழுக்கத் திருப்பினேன். ஆனால் நான் திருப்பியது யோங்சுன் அம்மாள் மிளகாய் போட்ட கிம்ச்சி ஊறுகாய் ஜாடி வைத்திருந்த மேற்கு மூலைக்கு உரியது. சூட்டில் ராத்திரி முழுக்கப் பொங்கிய ஜாடியை மறுநாள் பாங் திறந்தான். அவனுடைய வெள்ளைக் கம்பளிக் கோட்டு இனி வெள்ளையாகாது. அன்றைக்கே அவன் வீடு வீடாகப் போய், சனிக்கிழமைக் கூட்டத்தில் தரையை உடைத்துப் பழையபடி அடுப்பு வைப்பது என்று ஆள் சேர்த்துவிட்டான். நீங்கள் கட்டிய முதல் கட்டடம். அதை உடைப்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்? உன்சோல் முகத்தில் எப்படி விழிப்பேன்? ஆகவே மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாமல் உடனே வந்து, கழிவறைக்கு எட்டாத தூரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் சூட்டைக் கூட்டிக் கொடுங்கள். சீரான சூடு என்ற உங்கள் கொள்கையை அந்த ஒரு பாய்க்கு மட்டும் தளர்த்துங்கள். காலில் விழுந்து கேட்பேன். மாமனார் விழுந்தால் பாவம் உங்களைச் சேரும் என்பதால் விழவில்லை.

மலைச்சாமி உங்களைக் காக்கட்டும். உங்கள் கூரைகளில் எல்லாம் வெயில் தங்கட்டும். அடுத்த கோழி தயாராக இருக்கிறது.

என்றும் உங்கள் நலம் நாடும்,
தாக் போங்சுல்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் ஹாம் பெரியவர்! "பேசாத, வழி விடு," என்று என்னைத் தள்ளிவிட்டு நம் கழிவறைக்குள் ஓடினார். வெளியே வந்தபின் விசாரித்தேன். அவர் சாப்பிட எழுந்த நேரத்தில் யோங்சுன் அம்மாள் உள்ளே நுழைந்திருக்கிறாள். இவர் திரும்பி வந்து படுத்துவிட்டார். தாண்டி வர மரியாதை இடம் கொடுக்காமல் அவள் மத்தியானத்திலிருந்து உள்ளேயே சத்தம் காட்டாமல் உட்கார்ந்து மடியிலிருந்த பூண்டை உரித்திருக்கிறாள். அங்கேயும் தரை சூடுதானே, சௌகரியமாக இருந்ததாம். இவர் அவசரமாகக் கதவைத் தட்டியபோதுதான் விஷயம் வெளிவந்தது; அவள் பூண்டை அள்ளிக்கொண்டு எழும்வரை இவரால் பொறுக்க முடியவில்லை.

"அந்த எடம் அவ்வளவு சூடா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"சூடா? எந்தச் சூடு? எங்க காலை வச்சாலும் சூடாத்தான்டா இருக்கு! பழைய எடத்துல குளிருக்குப் பயந்து அடுப்புக்கிட்ட கெடந்தேன். எந்திரிச்சு வெளிய போறதுக்குள்ள என் மானம் போயிரும். இப்பதான் எனக்குப் பிடிச்ச எடத்துல உக்காந்திருக்கேன். என் வயசுக்கு பாத்ரூம் வாசல்தான்டா சொர்க்கம். இதை ஊருக்கு முன்னால சொல்ல முடியுமா?"

"தரையை உடைக்கப் போறாங்களே பெரியப்பா!"

"எவன்டா அவன்? தரையில கை வச்சான்னா அவன் மண்டையை உடைப்பேன்!"

அவர் குரல் உங்களுக்குத்தான் தெரியுமே; நம் வாசல் வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்த பாங் உட்பட எல்லாரும் கேட்டுவிட்டார்கள். சனிக்கிழமைக் கூட்டம் ரத்து. ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். ஸ்பேனரும் வேண்டாம். கழிவறைக்குப் பின்பக்கமாக வைக்க ஒரு கதவு மட்டும் கொண்டுவாருங்கள். கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். பேச்சு சுவாரசியத்தில் யோங்சுன் அம்மாளை மறந்தே போனோம். அவள் வெளியே வருவதற்குள் பெரியவர் திரும்பப் போய்ப் படுத்துவிட்டார்.