சாஞ்சுபாரு பாயின் ஆந்தை

இரங்கூனில் அதிகம் பேருக்குக் கழுத்து வலி கொடுத்த மனிதர் சாஞ்சுபாரு பாய்தான். தொண்ணூறுகளில் சூலே பகோடா பக்கத்துச் சந்தில் நூல் கடை வைத்திருந்தார். கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து, இரண்டு நிறக் கம்பளியில் ஸ்வெட்டர் பின்னுவார். நேராகப் பார்த்தால் வெறும் கோடுகள். சில கண்ணிகளை மேடாகவும் சிலவற்றைப் பள்ளமாகவும் விட்டிருப்பதால், சாய்ந்து பார்த்தால் மட்டும் படம் தெரியும்.

வேர்த்துக் கொட்டும் ஊரில் கம்பளி. அதற்குள் ஒளிந்த படம். வெற்றிலை வாங்கப் போகிறவனையும் விடமாட்டார்.

“அண்ணே, சாஞ்சு பாருங்க.”

“கோடுதான் தெரியுது பாய்.”

“இன்னும் சாயுங்க.”

“இதுக்கு மேல சாஞ்சா சாக்கடையில விழுவேன்.”

“விழுந்து பாத்தீங்கன்னா மயில் தெரியும்.”

எங்கள் கம்பெனியின் பர்மிய மேனேஜர், குளிர் ஊரான டவுன்ஜிக்கு மாற்றலானார். என் மகனுக்கு வேலை கிடைக்க அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பரிசாகக் கையில்லாத ஸ்வெட்டர் கொடுக்க நினைத்து, போயும் போயும் பாயிடம் சொன்னேன். படம் கிடம் வேண்டாமென்று படித்துப் படித்துச் சொன்னேன்.

பிரிவு விருந்தில் மேனேஜர் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தார். கோடுகள் மட்டுமே. நிம்மதி. பெரியவர்கள் முன் குனிந்து கடப்பது பர்மிய மரியாதை. குனிந்து கடந்தவர்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் குனிந்தேன். மேனேஜரின் மார்பிலிருந்து ஓர் ஆந்தை என்னை முறைத்தது.

செல்வம் தருமென்று அங்கே வீட்டுக்கு வீடு ஆந்தை பொம்மை வைப்பார்கள். அங்கேயே பிறந்த எனக்கு அது தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில், ஆந்தை கத்தினால் ஜன்னலைச் சாத்தும் என் அம்மாதான் நினைவுக்கு வந்தார். உள்ளே ஊசி தங்கிவிட்டது என்று பொய் சொல்லி ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கி, கடைக்கு ஓடி, பாயின் முகத்தில் எறிந்தேன்.

“என் பையன் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே. நீயெல்லாம் மனுஷனா?”

“நல்லது நடக்கட்டும்னுதான் போட்டேன் அண்ணே,” என்றார்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “என் ஆந்தை எங்கே? குனிந்தவர்களெல்லாம் சொன்னார்கள். வந்த அதிர்ஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீரே.”

மறுபடி ஓடினேன். பாயின் மடியில் நூல் உருண்டைகள்தான் இருந்தன.

“பிரிச்சிட்டேன் அண்ணே. நீங்க அவ்வளவு கோவமா போனீங்களே.”

“அடுத்த வாரம் அவர் கிளம்புறார் பாய்.”

“யானை போடவா?”

“ஆந்தை பாய். ஆந்தையே போடுங்க.”

கடையைப் பாதி சாத்திவிட்டுப் பின்னினார். மேனேஜர் பஸ் ஏறுமுன் கொண்டுவந்து தந்தார், விரல்களில் பிளாஸ்திரி. மகனுக்கு வேலை கிடைத்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். பாய் அதைக் காதில் வாங்காமல், மீந்த நூலில் பின்னிய ஒன்றை எனக்கும் நீட்டினார்.

பாய் காலமாகி நெடுநாளாயிற்று. நான் எறிந்தது இன்னும் உறுத்துகிறது. மார்கழிக் காலையில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அந்த ஊர் மரியாதையை விடாமல் குனிந்து கடக்கும் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அதில் என்ன படம் என்று நான் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் பாயோடு பேச்சு முடிந்துவிடும் போலிருக்கிறது.